செல்வியக்கா வீட்டுச் சிக்னல் தரம்

பேத்துப்பாறைப் பெருமக்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு: செல்வியக்கா வீட்டு டிவியில் இன்று படம் வரவில்லை.

அவர் மகள் முதன்முதலாக டிவியில் கபடி ஆடும் நாள். "ஏலே, வெரசா வந்து பாருடா!" என்று பக்கத்து வீட்டிலிருந்த என்னை இழுத்துப் போனார்.

சோபாவில் சாய்ந்தபடியே விளக்கினேன். "சிக்னல் பலம் இருக்குக்கா, தரம்தான் பூஜ்யம். பனிமூட்டத்துல அலை செதறுது. டிஷ் முன்னாடி அலையப் புடிக்கிற எல்.என்.பி. பாவம், என்ன செய்யும்? காத்திருக்கணும்."

அக்கா காத்திருக்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி, டிஷ்ஷில் தொங்கிய ஈர ஜெர்கினை உருவிக்கொண்டு இறங்கினார்.

"இதுதான் ஒன் எல்.என்.பி.யாடா?"

படம் வந்துவிட்டது. மகள் பாயிண்ட் எடுத்து ஓடிவந்ததைப் பார்த்து அக்கா அழுதேவிட்டார்.

வாரம் முழுக்க வெயிலே இல்லை. அலுத்துப்போய், உயரமான இடமாகப் பார்த்துக் காலையில் அந்த ஜெர்கினைக் காயப்போட்டவன் நான்தான்.

நீங்களெல்லாம் துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்?