ஒன்பதாம் கதவு

என் தம்பி மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவில் சிலர் பேசித் திரிகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். அவள் கேட்டதை நானும் கேட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. பொய் சொல்லிப் பிழைக்கும் நிலை எனக்கு வந்ததில்லை. நம்ப மனமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சர்வர்களுக்குக் காவல் மென்பொருள் செய்வது எங்கள் குடும்பத் தொழில். எழுதியவன் தம்பி. அவன் போய் இரண்டு வருடமாகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கதவுகள், கணினிகள், மருந்து செலுத்தும் கருவிகள் எல்லாம் அவன் எழுதியதை நம்பித்தான் ஓடுகின்றன. யார் உள்ளே வந்தாலும் அது அடையாளம் பார்த்து, கணினிக்குள்ளேயே ஒரு சீட்டு கொடுக்கும். அதில் ஒரு வரி பெயர். இன்னொரு வரி, இவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது. பெயர் வரியை யாரும் மாற்ற முடியாதபடி தம்பி அதற்கு ஒரு முத்திரை வைத்தான். அதிகார வரிக்கு வைக்கவில்லை. வாசலில் விசாரித்து உள்ளே விட்டவரை மறுபடி சந்தேகிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதையே மென்பொருளிலும் எழுதிவிட்டான்.

விளைவு? கடைநிலை ஊழியர்கூடத் தன் சீட்டில் 'நிர்வாகி' என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம். சர்வர் கும்பிட்டு வழிவிடும்.

யாரோ அந்த ஓட்டை வழியாக நுழைகிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஃபோன் வந்தது. பேசியவர் ஆஸ்பத்திரியின் கணினி அதிகாரி. அளந்துதான் பேசுவார். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் தந்தி.

"ஏழு மணி வரைக்கும் டைம். அப்புறம் அறிவிப்பு."

அறிவிப்பு என்றால், தம்பியின் பெயரைப் போட்டு, அவன் எழுதியது ஆபத்து என்று ஊரறியச் சொல்வது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்வானா? நான் இருக்கும்வரை அது நடக்காது. அவனிடமே தொழில் கற்ற அவன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சர்வர் அறை கீழ்த்தளத்தின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"என்ன பெரியப்பா, கோட்டெல்லாம் போட்டு வந்திருக்கீங்க? பொண்ணு பார்க்கவா வந்தோம்?"

"இன்னும் பத்து நிமிஷத்துல உனக்குப் பல்லு தந்தியடிக்கும். அப்ப இந்தக் கோட்டைக் கேட்டு வராத."

சிரித்தபடி உட்கார்ந்தாள். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மணி 5.40.

"பெரியப்பா... இவன் திருடன் மாதிரி இல்ல."

"பின்ன?"

"முதல்ல உதவியாளர்னு எழுதியிருக்கான். அப்புறம் மேற்பார்வையாளர். இப்ப நிர்வாகி. எல்லா அதிகாரமும் கையில இருக்கு. ஆனா எதையும் தொடல. திரும்பத் திரும்ப ஒண்ணேதான் கேக்கறான். ஒன்பதாம் கதவைத் திற."

"அது எங்க இருக்கு?"

"கீழ்த்தளத்துல மொத்தமே எட்டுக் கதவுதான்."

நான் குனிந்து பார்த்தேன். பெயர் வரி காலியாக இருந்தது. ஆனால் அந்தக் காலி இடத்துக்கு முத்திரை இருந்தது. தம்பியின் மென்பொருள் வைக்கும் அதே முத்திரை...

6.10. பின்சுவரில் ஒரு சத்தம். டொக்.

குழாயாக இருக்கும் என்றேன்.  அவள் விரலால் திரையைக் காட்டினாள். அதே நொடியில் ஒரு கோரிக்கை வந்திருந்தது.

டொக். இன்னொன்று.

டொக். இன்னொன்று.

ஓட்டையை அடைக்க எழுதிய திருத்தத்தை ஏற்றினாள். சர்வர் அணைந்து எழுந்தது. திருத்தம் பிடிக்கவில்லை. பழையதே திரும்பி வந்து நின்றது. ஏழு மணிக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது.  

"மறுபடி ஏத்தும்மா. உங்கப்பன் பேரு போயிடும்."

"ஏத்திட்டுத்தான் இருக்கேன்... சும்மா இருங்க பெரியப்பா!"

என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

நான் பின்சுவருக்குப் போய்க் கை வைத்தேன். அறை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. சுவர் மட்டும்... வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் சாய்ந்திருந்து எழுந்த இடம்போல.

6.52. திருத்தம் பிடித்தது.

இனி அதிகார வரிக்கும் முத்திரை வேண்டும். கோரிக்கை வந்தது. மறுக்கப்பட்டது.

டொக். மறுக்கப்பட்டது.

டொக் டொக். மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

சத்தம் வேகமெடுத்தது. உள்ளங்கையால் அறைவதுபோல...

"பெரியப்பா. அதிகார வரியைப் பாருங்க."

அங்கே 'நிர்வாகி' இல்லை.

'திறங்க ஐயா' என்று இருந்தது.

மறுக்கப்பட்டது.

'மூச்சு முட்டுது.'

மறுக்கப்பட்டது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன். என் சொந்த அதிகாரத்தில் நானே கட்டளை கொடுத்தேன். ஒன்பதாம் கதவைத் திற.

'இந்த எண்ணில் கதவு இல்லை.'

மறுபடி.

'இந்த எண்ணில் கதவு இல்லை.'

மறுபடி...

டொக்.

...டொக்.

பிறகு, சுவரில் நகம் கீறி இறங்கும் ஓசை. மேலிருந்து கீழே. தரைவரை.

அப்புறம் ஏசியின் இரைச்சல் மட்டும்.

மணி சரியாக ஏழு. தந்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சது. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்ல. மண்ணுதான்."

அறிவிப்பு வரவில்லை. தம்பியின் பெயர் தப்பியது. அன்றிலிருந்து அவன் மகள் கணினியைத் தொடவில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "மறுக்காதீங்க" என்கிறாள். அதைத்தான் பைத்தியம் என்கிறார்கள்.

நான்கு மாதம் கழித்துத் தண்ணீர்க் கசிவுக்காக அந்தப் பின்சுவரை இடித்தார்கள். அந்தப் பக்கம் மண் இல்லை. ஒரு சின்ன அறை. பழைய மருந்துக் கிடங்கு. சுவரோரம், தரையில், ஒரு மனிதனின் எலும்புகள்.

கிடங்குக் காவலர். மருந்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஆஸ்பத்திரி அந்தக் காலத்தில் புகார் கொடுத்திருக்கிறது. மனைவியும் மகனும் தலைநிமிர முடியாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள். நான் நிர்வாகத்தின் முன்னால் போய் நின்றேன். பழியைத் திரும்பப் பெறும்வரை நகரமாட்டேன் என்றேன். திரும்பப் பெற்றார்கள். அந்த மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று தந்திதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கட்டட வேலை நடந்தபோது அறைக் கதவை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்களாம். அப்போது அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கணினிகூடக் கிடையாது. அந்தக் கதவுக்கு எண்ணும் கிடையாது. மின்பூட்டும் கிடையாது. வெறும் மரக்கதவு. ஒரே ஒரு தாழ்ப்பாள்.

அது வெளிப்பக்கம் போடப்பட்டிருந்தது.