பெரிய வெள்ளியின் விசிறிக் காம்பு

இன்று பெரிய வெள்ளி ஆராதனையில், பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, என் மகள் தூங்கி விழுந்தாள். அவளைக் குத்த என் கை உயர்ந்துவிட்டது.

சித்தூர் மதராஸ் மாகாணத்தில் இருந்த காலம். எனக்குப் பத்து வயது. மிஷன் கோவிலில் என் அப்பா, நைனாதான், ஆராதனை நடத்தும் உபதேசியார். பெரிய வெள்ளியன்று மூன்று மணிவரை யாருக்கும் தண்ணீர் கிடையாது. தூங்கி விழுபவர்களை விசிறிக் காம்பால் குத்தி எழுப்ப ஒரு பிள்ளையை நிறுத்துவார்கள். அந்த வருஷம் நான். பெருமையில் தலைகால் புரியவில்லை.

தங்கை எஸ்தருக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். "அக்கா, நாக்கு ஒட்டிக்குது. ஒரு வாய் தண்ணி குடு."

நைனா திரும்பினார். "ஆண்டவரே தாகமாத்தான் தொங்கினாரு. உனக்கு மூணு மணிவரைக்கும் அடக்க முடியாதா?"

கொஞ்ச நேரத்தில் அவள் தலை சாய்ந்தது. குத்தினேன். நிமிரவில்லை. நடிக்கிறாள் என்று நினைத்து, "முழிச்சிக்கினு இருடி, கழுத!" என்று இன்னும் அழுத்திக் குத்தினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நைனா மெச்சித் தலையசைத்தார்.

மூன்று மணிக்கும் அவள் எழாததால் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் நாடி பார்த்தார். பிறகு எஸ்தரின் சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

"உயிர் போயி ரொம்ப நேரமாவுது, உபதேசியாரே. கையெல்லாம் இப்படிக் குத்தி வெச்சது யாரு?"