சந்து விழாத கதவு

ராசிபுரத்துக்குத் தெற்கே கிணற்றுத் தண்ணீரை நம்பிச் சோளமும் கடலையும் விதைத்துப் பிழைத்த சென்னியப்பனுக்கு, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. மார்கழி விடியலில் மாட்டைக் கட்டித் தண்ணீர் இறைக்கும்போதுகூட மேலே துணி போட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் 1936ஆம் வருஷம் ஒரு கதவுக்காக மூன்று மாதம் பைத்தியம் பிடித்தவராக அலைந்தார். ஊர் சிரித்தது. அவர் படுகிற பாடு எதற்கென்று தெரியாததால் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள், ராசாத்தி. ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தை மாதம் ஒரு நாள் மருமகன் மயில்சாமி அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். "இருமல் நிக்கட்டுமுங்க மாமா, நானே வந்து கூட்டிக்கிறேன்" என்றான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டி திரும்பிய வேகத்திலேயே அவன் இனி வரப்போவதில்லை என்பது பெண்ணின் தாய் பாப்பாயிக்கு விளங்கிவிட்டது. சென்னியப்பனுக்கு விளங்க ஒரு மாதம் பிடித்தது. விளங்கிய பிறகும் மனிதர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மாசியில் சேலத்து டாக்டர் அவள் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டுச் சயரோகம் என்றார். "மருந்தைவிட இவளுக்குக் காத்துதான் முக்கியம். இந்தத் தூசியும் வெக்கையும் ஆகவே ஆகாது. சித்திரை பிறக்கிறதுக்குள்ளே ஏற்காட்டுக்குக் கொண்டுபோயிடுங்க. தாமசம் பண்ணினா என் கையிலே ஒண்ணும் இல்லே."

சென்னியப்பன் அன்றைக்கே மலை ஏறினார். காப்பித் தோட்டத்துக் கணக்கர் ஒருவர் பாதி கட்டிவிட்டு ஊரோடு போய்விட்ட வீடு ஒன்று கிடைத்தது. சுவர் எழும்பி, ஓடு வேய்ந்து, நிலைவாசலும் வைத்தாகிவிட்டது. கதவு மட்டும்தான் இல்லை. அந்த வெற்று வாசலுக்குள் நின்றபோது பள்ளத்திலிருந்து ஏறி வந்த பனிக்காற்று அவர் முதுகைத் தொட்டது. பல் கிட்டிப் போயிற்று. தன்னையே இப்படி ஆட்டுகிறது என்றால் எலும்பும் தோலுமாகக் கிடக்கிற பெண்ணை இது என்ன செய்யாது என்று பயந்துபோனார். டாக்டர் சொன்ன வியாதியைவிட இந்தக் காற்றுதான் அவருக்குப் பெரிய எதிரியாகத் தெரிந்தது.

மலைத் தச்சன் ஒருவன் பக்கத்திலேயே இருந்தான். "ஒத்தக் கதவு ஒண்ணு செஞ்சது செஞ்சபடி கெடக்குதுங்க. நாளைக்கே மாட்டிரலாம். இங்கெல்லாம் ஒத்தக் கதவுதானுங்க, குளிருக்கு அதுதான் தோது" என்றான்.

"ஆட்டுப்பட்டிக்கா கதவு கேட்டேன்?" என்று சீறிவிட்டு இறங்கிவிட்டார் சென்னியப்பன்.

அந்த ஒரு வாய்ச் சொல்லில்தான் எல்லாம் கெட்டது. ஆனால் அவரை வெறும் வீம்புக்காரர் என்று தள்ளிவிட முடியாது. அவர் மனதில் இருந்த கணக்கு வேறு. மகளுக்குக் குணமாகும், மயில்சாமி வந்து கூப்பிடுவான், அன்றைக்கு அவள் ஒரு வாழ்கிற வீட்டின் தலைவாசலிலிருந்து இறங்கிப் போக வேண்டும். தலைவாசல் என்றால் இரட்டைக் கதவு. இரண்டு பாதியும் ஒரே மரத்தில் அறுத்ததாக இருக்க வேண்டும். வேறு வேறு மரமானால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்ட மாட்டார்கள் என்பது அவர் பாட்டன் காலத்துப் பேச்சு. மகள் ஏற்கனவே ஒட்டாமல் வந்து நிற்கிறாள். இதிலும் கோட்டை விட அவருக்குத் துணிச்சல் இல்லை.

உள்ளூர் கருப்பண்ணன் ஆசாரியை அழைத்துக்கொண்டு சேலத்து மரக்கடைகளை ஒன்று விடாமல் சுற்றினார். நன்றாகக் காய்ந்த தேக்குப் பலகைகள் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரத்தினுடையது. ஒரே மரத்தில் இரண்டு பாதியும் எடுக்கும்படி ஒரு வேங்கை கிடந்தது. வெட்டிப் பத்து நாள்கூட ஆகாதது.

ஆசாரி தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க, இது பச்சை. அறுத்து மூணு மாசமாச்சும் நெழல்ல காயோணும். ஈரத்தோட மாட்டுனா முறுக்கிக்கும், நடுவுல வெரல் நொழையற அளவுக்குச் சந்து உழுந்துரும். தேக்கையே எடுத்துக்கலாமுங்க."

சென்னியப்பன் வேங்கையையே எடுத்தார். "ஒரு பாதி இன்னொண்ணு மேல ஏறிப் படியற மாதிரி செய்யி ஆசாரி. ஊசி மொனையளவு காத்துக்கூட உள்ள போகக் கூடாது."

பங்குனி போயிற்று. சித்திரை வந்தது. கல்லும் மண்ணும் கொதித்தன. ராசாத்தி கூடத்தில் ஈரத் துணியை நெஞ்சில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தாள். இருமித் துடைத்த துணியில் ரத்தம் தெரிந்தது. பாப்பாயி அதைப் புருஷன் கண் முன்னாலேயே விரித்துக் காட்டினாள்.

"ஏனுங்க, புள்ளைய மேல கொண்டுபோயிரலாமுங்க. கதவு பொறகு வரட்டும். வாசலுக்கு ரெண்டு சாக்கைத் தெச்சுத் தொங்கவுட்டுக்கலாம்."

"கதவு மாட்டாத ஊட்டுல எவனாச்சும் குடி போவானா? கூரை வேஞ்சு, கதவு மாட்டி, நாலு பேருக்குச் சோறு போட்டுத்தான் பால் காச்சோணும். கெட்ட சகுனத்தோட எம்புள்ளையக் கொண்டுபோகச் சொல்றியா?"

சகுனம் என்ற சொல்லை எதிர்த்துப் பேசப் பாப்பாயிக்கும் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு சென்னியப்பன் தினமும் விடிந்ததும் ஆசாரி பட்டறைக்குப் போய்விடுவார். பலகைகளைத் தடவிப் பார்ப்பார், கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி போயிற்றா என்று பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவற்றை வெயிலுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். ஓடிவந்த ஆசாரி, வயதில் மூத்தவர் என்றும் பாராமல் திட்டித் தீர்த்தார். சென்னியப்பன் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். "எம்புள்ளைக்கு நேரமில்லைய்யா, ஆசாரி" என்றார். இரண்டு பேருமாகப் பலகையை மறுபடி நிழலுக்குத் தூக்கிப் போட்டார்கள். மரம் தன்னால் ஆன வேகத்தில்தான் காய்ந்தது.

வைகாசிக் கடைசியில் ராசிபுரத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்க வந்த டாக்டர், வழியில் மோட்டாரை நிறுத்தி வீட்டுக்குள் நுழைந்தார். கூடத்தில் ராசாத்தியைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னும் இங்கேயா வச்சிருக்கீங்க? மலையிலே வீடு வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே?"

"வாங்கியாச்சுங்க சாமி. கதவுதான் இன்னும் மாட்டலீங்க. பத்தே நாளு. குளிர்காத்து ஒரு துளிகூட உள்ள வராத மாதிரி செய்யச் சொல்லியிருக்கறேனுங்க."

கோபப்பட வந்த டாக்டர் கோபப்பட முடியாமல் தணிந்த குரலில் சொன்னார். "பெரியவரே, அந்தக் காத்துக்காகத்தானே மலைக்கே போகச் சொன்னேன்? கதவு இருந்தாலும் ராப்பகலாத் திறந்துதான் வைக்கச் சொல்லியிருப்பேன்."

சென்னியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. மூன்று மாதமாக எதை வராமல் தடுக்க ஓடினாரோ அதுதான் மருந்து என்கிறார் இந்த மனிதர். முதலிலேயே காற்று என்றுதான் சொன்னார். தன் காதில்தான் அது குளிர் என்று ஏறிவிட்டது.

மறுநாளே வாடகை மோட்டாரில் மகளைக் கொண்டுபோனார். நல்ல நேரம் பார்க்கவில்லை, பால் காய்ச்சவில்லை. திறந்து கிடந்த வாசலுக்கு நேராகக் கட்டிலைப் போட்டார்கள். அப்போதும் அவருக்கு மனது கேட்கவில்லை. ஒரு ஜமுக்காளத்தை எடுத்துப்போய் நிலைவாசலில் கட்டப் பார்த்தார். ராசாத்தி கையை ஆட்டி வேண்டாம் என்றாள். மாதக்கணக்கில் பாதி மூச்சிலேயே பேசியவள், அன்றைக்கு ஒரு முழு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"எத்தன சொகமா இருக்குதுங்கப்பா. முன்னாலயே வந்திருக்கலாமுங்க."

குத்திக்காட்டச் சொன்னதில்லை. சந்தோஷத்தில் சொன்னாள். அதனால்தான் அவரால் அதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய்த் தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு நாள் இருந்தாள். இருமல்கூடக் கொஞ்சம் அடங்கியது, கஞ்சி இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது. பாப்பாயி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒன்பதாம் நாள் காலையில் வாய் நிறைய ரத்தமாக வந்து, தாய் துடைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மோட்டார்க்காரன் பிணத்தை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டான். காப்பி மூட்டை இறக்கும் மாட்டு வண்டி ஒன்றில் கிடத்திக்கொண்டு இறங்கினார்கள். மகளின் தலையைப் பாப்பாயி மடியில் வைத்திருந்தாள். சென்னியப்பன் வண்டிக்குப் பின்னால் நடந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் அடிவாரத்துக்கு வந்தபோது எதிரே வைக்கோல் பரப்பிய வண்டியொன்று ஏறி வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் கருப்பண்ணன் ஆசாரி. இவர்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே குதித்தார். "முடிச்சுட்டேனுங்க! நாளைக்கே மாட்டி..." என்று ஆரம்பித்தவர், வண்டிக்குள் கிடந்த உருவத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

சென்னியப்பன் மெதுவாக அந்த வண்டியிடம் போய் வைக்கோலை விலக்கினார். கதவின் இரண்டு பாதியும் சேர்த்துக் கட்டிக் கிடந்தன. வேங்கைப் பலகை மினுமினுத்தது. இரண்டும் சேரும் இடத்தை விரலால் மேலிருந்து கீழ்வரைக்கும் தடவிக்கொண்டே போனார். நகம்கூட எங்கும் இறங்கவில்லை.

"சந்து உழுகலியா, ஆசாரி?"

"உழுகலீங்க" என்றார் ஆசாரி அழுதுகொண்டே.

"காத்து போகாதுல்ல?"

"போகாதுங்க."

சென்னியப்பன் கதவின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, பாதை என்றும் பாராமல், வாய்விட்டுக் கதறினார்.