ஒரே க்ளிக்காரரின் மீதிப் படங்கள்

அந்தத் தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவரை அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் ஒரே க்ளிக்காரர். அவசரத்துக்கு வெறும் க்ளிக்காரர். கடைக் கண்ணாடியிலும் அதைத்தான் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: "ஒரே க்ளிக். மறுபடி உட்கார வேண்டாம்."

மற்ற ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போனால் என்ன பாடு படுத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். முகவாயைத் தூக்கச் சொல்வார்கள், தூக்கினால் இறக்கச் சொல்வார்கள். சிரிக்கச் சொல்லிவிட்டு, சிரித்தால் அவ்வளவு வேண்டாம் என்பார்கள். பத்துத் தடவை எடுத்து முடிப்பதற்குள் உட்கார்ந்திருப்பவரின் முகம் பல் பிடுங்க வந்தவர் முகமாக ஆகிவிடும். க்ளிக்காரரிடம் இந்த வம்பே கிடையாது. ஸ்டூலில் போய் உட்கார வேண்டியதுதான். அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று விளக்கை அப்படியும் இப்படியும் திருப்பி, ஊர்க்கதை கொஞ்சம் பேசி, "ரெடி" என்பார். ஃப்ளாஷ் ஒரு தடவை பளிச்சென்று மின்னும். "முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்பார். கொஞ்ச நேரத்தில் கவரில் வரும் படத்தைப் பார்த்தால், இவ்வளவு களையான பிள்ளையா நம்முடையது என்று பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்துவிடும்.

யாராவது வாய்விட்டுப் பாராட்டினால் போதும், க்ளிக்காரருக்குத் தலைகால் புரியாது. "மத்தவங்க எடுத்து எடுத்துப் பார்க்கறாங்க. நான் ஒரே பிடியா பிடிக்கறேன்" என்று சட்டைக் காலரை லேசாகத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

உள்ள விஷயத்தை இப்போதே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்துப் பூச்சாண்டி காட்டும் பொறுமை எனக்கு இல்லை. அவர் எடுப்பது ஒரு க்ளிக்கே இல்லை. "லைட் செட் பண்றேன், சும்மா இந்தப் பக்கம் பாருங்க" என்று கதை பேசுகிறாரே, அந்த நேரத்திலேயே நாலைந்து படம் எடுத்து முடித்திருப்பார். படம் எடுக்கிறார்கள் என்று தெரியாதவரை மனிதருக்கு முகம் நன்றாகத்தான் இருக்கும், தெரிந்த மறுகணமே கெட்டுப்போகும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. கடைசியில் ஃப்ளாஷோடு எடுப்பது வெறும் ஒப்புக்கு. அதில் எல்லாரும் விறைத்துப்போய் இருப்பார்கள். அதையும் தேறாத மற்றவற்றையும் கேமராவிலேயே அழித்துவிட்டு, தேறிய ஒன்றை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்புவார். அழித்தது அழிந்தது, இனி அந்தக் கடவுளுக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தார்.

க்ளிக் சத்தம் கேட்காதா என்றால், அதற்குத்தான் ஃபேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார். சுற்றும்போது அதன் இறக்கை கம்பியில் இடித்து டக்டக், டக்டக் என்று ஓயாமல் அடித்துக்கொள்ளும். அந்த இரைச்சலில் கேமராவின் சத்தம் யாருக்கும் தனியாகக் கேட்டதில்லை. ஃபேனை ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், சாது மனிதரான அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அப்படி வாயைத் திறந்தவர் பெரும்பாலும் அவர் மனைவிதான். கேமரா அறையை மறைத்துத் தொங்கும் கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம், முன்னறையில் கம்ப்யூட்டரும் பிரின்டரும் கட்டரும் அவர் பொறுப்பு. அவர் வெட்டிய படங்களின் ஓரம் ஒரு நூல் அளவுகூட கோணாது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "எங்க வீட்டுக்காரர் ஒரே க்ளிக்தான்" என்று கணவரைவிட அதிகமாகப் பீற்றிக்கொள்வதும் அவர்தான். ஆனால் கடைச் சுவர் முழுக்க அந்தத் தெருவின் முகங்கள் தொங்கின, அந்த அம்மாளின் முகம் மட்டும் எங்கேயும் இல்லை.

அதற்கும் ஒரு கதை உண்டு. கடை திறந்த புதிதில், வேலைக்கு மனுப் போடப் படம் வேண்டும் என்று ஒரு பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். க்ளிக்காரர் கேமராவின் வழியாகப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தவர்தான். விளக்கைத் திருப்ப மறந்தார், கதை பேச மறந்தார். தட்டுத் தடுமாறி "ரெடி" என்றார், ஃப்ளாஷ் மின்னியது, அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை எடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கண்ணாடியில் சிவப்பு எழுத்து காய்ந்தும் காயாமல் இருக்கிறது, வாசலில் வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள். பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, அந்த மனிதர் ஒரு பொல்லாத வார்த்தையைச் சொன்னார்: "சில முகத்துக்குக் கேமரா ஒத்துக்காதும்மா."

அந்தப் படத்தை ஒட்டிய மனுவுக்கு வேலை கிடைக்கவில்லை. அதற்காகச் சண்டை போட வந்தவள் மறுபடி வந்தாள், மறுபடியும் வந்தாள், கடைசியில் அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் அவள் மனத்தில் தைத்தது தைத்ததுதான். ஊரிலுள்ள கோணல் மூஞ்சிகளுக்கெல்லாம் ஒரே க்ளிக்கில் அழகு வருகிறது, தனக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு தன் முகத்தில்தானே இருக்க வேண்டும்? சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, "பையெல்லாம் யாராவது பார்த்துக்கணும்ல" என்று ஒதுங்கிவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் க்ளிக்காரருக்கு உள்ளுக்குள் குத்தும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் ஒரே க்ளிக் போய்விடும். முழுங்கிவிடுவார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது?

இப்படியே காலம் ஓடியிருக்கும். நடுவில் புகுந்தார் மச்சினர்.

மனைவியின் தம்பி அவர். மருந்துக் கடையில் வேலை. உப்புப் பாக்கெட்டைக்கூட எக்ஸ்பயரி தேதி பார்க்காமல் வாங்க மாட்டார். க்ளிக்காரர் புதுக் கேமரா வாங்கப்போவதாகத் தெரிந்ததும், பழையதை ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பிடிக்கத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். பறவையைப் படம் பிடிக்கத்தான். க்ளிக்காரரும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். சும்மா வருகிறதே என்று வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? முன்னறையில் அக்காவின் கம்ப்யூட்டர் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு பார்த்துடலாம்."

"அதெல்லாம் யாருக்குத் தெரியும் மாப்ள?" என்று சிரித்தார் க்ளிக்காரர்.

"கேமராவுக்குத் தெரியும் மாமா. வண்டியில கிலோமீட்டர் ஓடுற மாதிரிதான். ஒவ்வொரு க்ளிக்கும் உள்ள ஏறிக்கிட்டே இருக்கும். படத்தை அழிச்சாலும் அது குறையாது. கடைசியா எடுத்த படத்தைக் கை வைக்காம அப்படியே ஒரு வெப்சைட்ல போட்டா, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நம்பரைச் சொல்லிடும்."

க்ளிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அழித்தாலும் குறையாதாமே!

"வேண்டாம் மாப்ள, வைரஸ் கியிரஸ் வந்துடும்."

"பாருடா, நல்லாப் பாரு" என்றார் மனைவி, கையிலிருந்த படங்களைக் கீழே வைத்துவிட்டு. குரலில் பெருமை வழிந்தது. "எங்க கேமரா புதுசு மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒரு க்ளிக்தானே? தினம் எத்தனை பேர் வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? எப்படிப் போட்டாலும் அறுபதாயிரம் தாண்டாது."

ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்துவிடலாமா என்று க்ளிக்காரர் சுவிட்ச் போர்டைப் பார்த்தார். அதற்குள் நம்பர் வந்துவிட்டது. மச்சினர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தார்.

"மூணு லட்சத்துச் சொச்சம்."

திரைக்குப் பின்னால் ஃபேன் மட்டும் டக்டக் என்றது.

"கம்பெனிக்காரன் இதுக்குச் சொன்ன ஆயுசே ஒன்றரை லட்சம்தான்" என்றார் மச்சினர், செத்த வீட்டில் பேசுகிற குரலில். "எப்ப வேணா நின்னுடும்."

மனைவிக்குக் கேமராவின் ஆயுளைப் பற்றிக் கவலை இல்லை. நிதானமாக எழுந்து நின்றார். "என்னங்க. அறுபதாயிரம் பேர் இங்க வந்தாங்க. மீதி யாரு?"

"கம்பெனியில சோதனை பண்ணியிருப்பாங்கம்மா..."

"லட்சக்கணக்குலயா?" என்றார் மச்சினர். சும்மா இருக்க மாட்டாரே!

"எதிர்ல பியூட்டி பார்லர் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார் மனைவி. ஜன்னலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

க்ளிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் பிழைக்கும், குடித்தனம் பிழைக்காது. திறந்தால் இத்தனை வருஷத்துக் காலர் தூக்கல் ஒரே நொடியில் மண்ணைக் கவ்வும். இரண்டையும் மாறி மாறி எடை போட்டுப் பார்த்தார். பார்லர் பக்கம் அவர் சத்தியமாகத் திரும்பியதுகூட இல்லை, செய்யாத தப்புக்கு மாட்டுவதைவிடச் செய்ததற்கே மாட்டிக்கொள்ளலாம் என்று பட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லைட் செட் பண்ணுவது, கதை பேசுவது, நாலைந்து எடுப்பது, ஒப்புக்கு ஃப்ளாஷ், எல்லாவற்றையும்.

"அடப்பாவி மனுஷா! இதுக்குத்தான் ஃபேனை ரிப்பேர் பண்ண விடலையா?"

"ஆமாம்மா."

மனைவி அடுத்தது என்ன சொல்வார் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். அவர் ஸ்டூல் இருந்த திரைப் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அன்னிக்கு எனக்கு எத்தனை எடுத்தீங்க?"

க்ளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுதான். உனக்கு மட்டும்தான் நிஜமாவே ஒண்ணு. உன்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. கையே ஓடல."

"ஊருக்கெல்லாம் அஞ்சு ஆறு. எனக்கு ஒண்ணு." அவர் குரல் உடைந்தது. "அப்ப என் முகத்துல ஒரு கோளாறும் இல்ல. நான் இத்தனை வருஷமா பையத் தூக்கிக்கிட்டு ஓரமா நின்னேனே, வீணாவா நின்னேன்?"

"உன் முகத்துல என்னம்மா கோளாறு? தப்பு என்மேலதான்" என்றார் க்ளிக்காரர். காய்ந்தும் காயாத சிவப்பு எழுத்துக்குப் பயந்து அன்றைக்குச் சொல்லாமல் விட்டது இது. இவ்வளவு லேசாகச் சொல்ல முடியும் என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தார். திரையை விலக்கினார், போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எடுங்க."

"புதுக் கேமரா வரட்டுமே..."

"இதே கேமராவுலதான் எடுக்கணும். எனக்கு வர வேண்டிய பாக்கி இதுலதான் இருக்கு."

அங்கேதான் வந்தது சிக்கல். க்ளிக்காரரின் வித்தை தெரியாதவர்களிடம்தான் பலிக்கும். "லைட் செட் பண்றேன்" என்று இவர் ஆரம்பித்ததும், "இப்ப எடுத்துட்டீங்கதானே?" என்று அவர் கண்ணை மூடினார். "எதிர் வீட்டு மாடியில..." என்று கதை ஆரம்பித்தால், "கதை வேற!" என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். ஃப்ளாஷை அணைத்தும் ஆயிற்று, ஃபேனைத் திருப்பியும் ஆயிற்று, க்ளிக்காரர் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்து எடுத்தார், மண்டி போட்டு எடுத்தார், முக்காலியின் மேல் ஏறி எடுத்தார். ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் மச்சினருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அக்கா, போதும்க்கா! ஷட்டர் போயிடும்க்கா! அது என் கேமராக்கா!"

"உன் கேமராவா?" என்று அக்கா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "உப்புக்குத் தேதி பார்க்கிற மூஞ்சி, உனக்குக் கேமரா ஒரு கேடா?" திட்டத் தொடங்கியவருக்கு, கையைப் பிசைந்துகொண்டு நின்ற தம்பியின் கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

க்ளிக்காரர் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். கேமராவுக்குள் கடக்கென்று ஏதோ உடைந்த சத்தம் கேட்டது, அதன் பின்பக்கத் திரை கறுத்துப்போனது. அதற்குப் பிறகு அது மூச்சுவிடவில்லை.

மச்சினர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். க்ளிக்காரர் கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டார். கடைசிப் படம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு ஆகாது, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, முடி கலைந்திருந்தது. கண்கள் இரண்டும் பளிச்சென்று திறந்திருந்தன. அன்றைக்குக் கேமராவின் வழியாக அவர் பார்த்து வாயடைத்துப்போன முகம் அதுதான்.

மனைவி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெரிய சைஸில் பிரின்ட் போட்டு, ஓரம் கோணாமல் வெட்டினார்.

அந்தப் படம் இப்போது கடைச் சுவரில் நட்டநடுவில் தொங்குகிறது. மச்சினருக்குப் புதுக் கேமராவின் காலிப் பெட்டியும் வாரண்டி அட்டையும் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். தேதி பார்த்து வாங்கிக்கொண்டார். சிவப்பு எழுத்தைச் சுரண்டிவிடலாம் என்று பிளேடோடு போன க்ளிக்காரரை மனைவி தடுத்துவிட்டார். ஃபேன் ரிப்பேர்காரர் தாமாகவே வந்து கேட்டபோதும், "அது நல்லாத்தான் ஓடுது, நீங்க போங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

போன வாரம், கவரை வாங்கிக்கொண்டு கிளம்பிய ஒரு வாடிக்கையாளர் சுவரைப் பார்த்து நின்றார். "இது நீங்கதானே? என்ன அழகா வந்திருக்கு! இதுவும் ஒரே க்ளிக்தானா?"

திரைக்குப் பின்னால் க்ளிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அது ஊருக்குங்க" என்றார் அவர் மனைவி. "எனக்குன்னா, கேமரா உடையற வரைக்கும் எடுத்தார்."