தழும்பும் கீறலும்

ஸ்கார் என்றால் தழும்பு. ஸ்கிராட்ச் என்றால் கீறல். இதைச் சொல்ல ஒரு பட்டம் வேண்டுமா என்று கேட்காதீர்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இந்த இரண்டு வார்த்தைக்காக நான் ஒரு வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

படித்தது ஆங்கில இலக்கியம். கிடைத்தது செக்கிங் வேலை. பேரணாம்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, தைத்து முடித்த ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுது இருந்தால் இன்ன பழுது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதுவதும் என் தலையில்தான். தோலில் ஒரு கோடு விழுந்தால் ஆங்கிலத்தில் அதற்கு எத்தனையோ பெயர். மடித்ததில் விழுந்தால் கிரீஸ். தோலிலேயே சுருக்கம் இருந்தால் ரிங்கிள். மேல்பூச்சு வெடித்தால் கிராக். எங்கள் கம்பெனியில் எல்லாமே ஸ்கிராட்ச். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருத்துவேன். சிரிப்பார்கள். மறுபடியும் திருத்துவேன்.

அதிகம் சிரிப்பது பக்கத்து மேஜை அக்கா. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது அவர் வேலை. "வந்துட்டா இங்கிலீஷ்காரி. இன்னாடி, இன்னிக்கு யாருக்கு பாடம்?" என்பார். காலையில் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பவரும் அவர்தான். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர். கல்லூரிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

ஒரு திங்கட்கிழமை மெயில் வந்தது. வாங்கியவர்கள் சில ஜோடிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், முன்பக்கத்தில் ஸ்கார் இருக்கிறதாம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

"கத்திரி பட்டு கீறிப்போச்சு. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா."

"நான் கீறல சார்" என்றார் அக்கா. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தொழிலாளியின் தவறு, ஆளை நிறுத்திவிட்டோம் என்று பதில் எழுதச் சொன்னார். நான் மெயிலை இரண்டு முறை படித்தேன்.

"சார், இவங்க ஸ்கிராட்ச்னு போடல. ஸ்கார்னு போட்டிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. பேஜார் பண்ணாத."

இரண்டும் ஒன்று இல்லை. மாடு உயிரோடு இருக்கும்போது முள்வேலியில் உரசிப் புண்ணாகி, அது ஆறி நிற்பது தழும்பு. அது தோலோடு வந்தது. கீறல், இங்கே எங்கள் கையில் விழுவது. கீறல் என்றால் தப்பு அக்காவுடையது. தழும்பு என்றால், தோலைப் பார்த்து எடுத்தவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். தோலைப் பார்த்து எடுத்தது மேனேஜர். ரெண்டும் ஒண்ணு என்று அவர் ஏன் அடித்துச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் அப்படி எழுத மாட்டேன் சார்."

"அப்போ உனக்கும் சேர்த்து கணக்கு முடிச்சிடவா?"

"முடிங்க சார். யாரு எழுதினாலும் அது ஸ்கார்தான்."

பதில் எழுத வேறு ஆள் இல்லாததால் அவர் என் கணக்கை முடிக்கவில்லை. மறுநாள் காலை, திரும்பி வந்த ஷூ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்றேன். பார்க்காதது போலப் போனார். அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும். "இன்னும் எழுதலியா?" என்பார். "எழுதிட்டேன் சார், ஸ்கார்னு. நீங்க பாத்துட்டா அனுப்பிடுறேன்" என்பேன். லைனில் இருந்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்திருக்கட்டும் என்று நின்றேன்.

சனிக்கிழமை உள்ளே கூப்பிட்டார். ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே என் வீட்டுச் சாவியால் ஒரு கோடு இழுத்தேன். என் கோடு வெளுப்பாகத் தெரிந்தது. பழைய கோட்டிலோ தோலின் பழுப்புச் சாயம் ஏறியிருந்தது. சாயம் போடும் முன்பே இருந்தால்தானே சாயம் ஏறும்?

மேனேஜர் ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வரச் சொல்லு அந்தம்மாவ" என்றார். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் இல்லை. அக்கா வந்தார். நான் எழுதியபடியே பதிலும் போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு மாதம் போயிருக்கும். அக்கா மேஜையிலிருந்து வந்த மேல்பாகம் ஒன்றில் வெளுப்பாக ஒரு கோடு. மெல்லிசாக, புதிதாக. கத்தரி வழுக்கியிருக்கிறது. எனக்குப் பின்னால் நின்றிருந்த சூப்பர்வைசர் குனிந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஸ்கார்னு போட்டுடும்மா. மேனேஜரும் இப்ப அந்த வார்த்தைக்கு பயப்படுறாரு. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

போட்டிருக்கலாம். போடத்தான் கை போனது. இந்த மனுஷிக்காகத்தானே அந்த வாரம் முழுக்க நின்றேன் என்று மனம் அடித்துக்கொண்டது. நிமிர்ந்தால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் ஸ்கிராட்ச் என்று எழுதினேன். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மேனேஜர் வந்து கத்தினார். எல்லோர் முன்னாலும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்றார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு இடம் இருக்காது என்று நினைத்துத்தான் ஏறினேன். அக்கா பக்கத்து சீட்டில் போட்டிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கோவமாக்கா?"

"கோவந்தான்" என்றார். "ஆனா இன்னிக்கு நீ மாத்தி எழுதியிருந்தா, அன்னிக்கு நான் கீறலன்னு நீ சொன்னதையும் ஒருத்தனும் நம்பமாட்டான்டி."