மந்தக் காலத்தில் இரண்டு தையல் மெஷின்

ஊரில் காசோட்டம் குறைந்தால் முதலில் சும்மா நிற்பது தையல் மெஷின்தான் என்பதை, இந்தத் தொழிலில் முதுகு வளைந்த சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலையகத்தில், லுணுகலை பஜாரில் என் கடை. ஒரு மெஷினில் நான், மற்றதில் மலர். என் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். மலர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த மெஷினால்தான். அவளை நிறுத்த வேண்டி வரக் கூடாது என்பதே இந்த வருஷம் என் பிரார்த்தனை முழுக்க.

தொங்கிய சட்டைகள்

தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் தேயிலைத் தோட்டத்துச் சனம் பஜாருக்கு இறங்கும். போன வருஷம் பிள்ளைச் சட்டை போதாமல் போனது. அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே தைத்துக் குவித்தோம். பஜாரே அப்படிக் குவித்திருக்கிறது! தீபாவளி போயிற்று, சட்டைகள் போகவில்லை. பொருளியல் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"போன வருசத்தைப் பாத்து எல்லாரும் ஒரேயடியாக் கூடத் தைச்சிட்டியள் அம்மா. மந்தம் இப்பிடித்தான் தொடங்கும் எண்டு ஒரு பகுதியார் சொல்லுகினம்."

பாக்கியத்தின் பதில்

மறுநாள் கொழுந்து பறிக்கும் பாக்கியம் கிழிந்த பாவாடையோடு வந்தாள். டீச்சர் சொன்னதை அவளிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவள் கொடியில் தொங்கிய மஞ்சள் சட்டையைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டாள்.

"கூடவா? எங்க லயத்து வீட்டுப் புள்ளைங்க மேல பாருங்கக்கா, போட்டிருக்கிற சட்டை ஒண்ணுகூடப் பத்தாது. எங்க சம்பளந்தான் உங்க சட்டை வரைக்கும் எட்டல."

டீச்சரைப் பஜாரில் கண்டபோது இதைச் சொன்னேன். சிரித்தார். "அப்பிடிச் சொல்லுற பொருளியலாளரும் இருக்கினம் அம்மா."

முதலாளியின் கால்சட்டை

பக்கத்துத் துணிக்கடை முதலாளி வந்து, "எல்லாரும் ஆளைக் குறைக்கிறோம்க்கா, நீங்களும் மலரை நிறுத்திடுங்க" என்றார். மலர் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்ததுகூடத் தெரியாமல். அன்று ரவிக்கை வாங்க வந்த டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் பயந்து கையை இறுக்கினா, பயந்ததே நடந்துபோடும் எண்டும் சொல்லுறவை" என்றார்.

முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டு, 'கிழிசல் தைக்கப்படும்' என்று வாசலில் அட்டை மாட்டினேன். பாவாடை, ஸ்கூல் பேக், கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் படங்கு எல்லாம் வந்தன. இரண்டு மெஷினும் ஓடின. ஒரு நாள் முதலாளியே காகிதத்தில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார்.

"மலர் இருக்குதாக்கா? பின்பக்கம் தெரியாம ஒட்டுப் போடச் சொல்லுங்க. பஜார்ல சொல்லிடாதீங்க."

மந்தம் ஏன் வருகிறது என்பதில் படித்தவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. வந்தால் எங்கே கிழியும் என்பது மட்டும் எனக்கும் மலருக்கும் தெரிந்துவிட்டது.