மேலூற்றில் நின்ற கிணறு

என் மாமனார் ஏசுராஜ் மேஸ்திரி உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஒடுகத்தூரைச் சுற்றி நாற்பது கிணறாவது வெட்டியிருப்பார். கோயில் பூசையில்கூட கால் மாற்றிக் கால் மாற்றித்தான் நிற்பார். என்னைப் பெண் கேட்டு வந்த அன்றும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே போய் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்து, "எத்தினி மட்டுல ஊத்து?" என்று கேட்டார். மட்டு என்றால் ஓர் ஆள் உயரம்.

அவருக்குத் தண்ணீர் இரண்டு வகை. மழை மண்ணில் இறங்கிப் பாறைமேல் தேங்கி நிற்பது மேலூற்று. மாசி வெயிலுக்கே அது போய்விடும். பாறை வெடிப்பிலிருந்து வருவது அடியூற்று. அதைத் தொட்டால்தான் அவர் கிணறு என்பார். மற்றதெல்லாம் வெறும் பள்ளம். இவ்வளவு தெரிந்த மனுஷன் அந்தக் காரியத்தைச் செய்தாரே என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

யுத்தம் தொடங்கிய வருஷம் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூருக்குக் கிணறு வெட்டப் போயிருந்தார். கார்த்திகைக் கடைசியில், ஐந்தாம் மட்டில், பாறைமேல் தண்ணீர் கசிந்தது. ஊற்றுக் கண் திறந்துவிட்டது என்று மலைக்காரர்கள் மேளம் தட்டிவிட்டார்கள். அந்த ஊர் வழக்கப்படி ஊர்க்கவுண்டர் வீட்டுப் புது மருமகள் முதல் குடம் சேந்த வேண்டும். கண் திறந்த கிணற்றில் அதன் பிறகு ஒரு வருஷம் இரும்பு இறங்கக் கூடாது.

இது மேலூற்று, இன்னும் தோண்ட வேண்டும் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போக வேண்டுமென்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். ஊர்க்கவுண்டர் மாதையனின் மருமகள் முத்தம்மாள் குடத்தை இறக்கினாள். இவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

வந்தவருக்குப் பண்டிகைச் சோறு இறங்கவில்லை. வெயில் ஏற ஏற வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்.

"இன்னாய்யா, பாய்ல முள்ளு கெடக்குதா? ஒரு எடத்துல குந்த மாட்டியா?" என்று மாமியார் மதலேனாள் கத்தினார்.

மாசியில் ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுவந்த மாதையன் இவரைப் பார்த்துவிட்டார். "கெணறு வத்திப் போச்சு மேஸ்திரி. உங்க மேல தப்பு இல்ல. எங்க மருமவ கை ராசி சரியில்ல. புதூர்நாட்டுல அவ அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டோம். பையனுக்கு வேற பொண்ணு பார்க்கிறோம்."

ஏசுராஜ் வீட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. மாதையனோடு அப்படியே மலையேறினார். ஊரைக் கூட்டச் சொல்லி நடுவில் நின்றார். "அது மேலூத்துங்க கவுண்டரே. அன்னிக்கே எனக்குத் தெரியும். வூட்டுக்குப் போற அவசரத்துல வாய மூடிக்கினேன். அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல."

மாதையன் அடிக்கக் கையை ஓங்கினார். இவர் நகரவில்லை. "அடிங்க. ஆனா கண்ணே தெறக்காத கெணத்துக்கு வழக்கம் ஏதுங்க? இரும்ப எறக்க வுடுங்க," என்றார்.

பாறையை உடைக்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அடியூற்று இருக்குமா என்பது அவருக்கே நிச்சயமில்லை. எட்டாம் மட்டில் வெடிப்பு பிளந்து, சில்லென்று தண்ணீர் முழங்காலைச் சுற்றி ஏறியது. மேலே வந்ததும் முதல் குடம் முத்தம்மாள்தான் சேந்த வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

மறுநாள் அவளை அழைத்து வந்தார்கள். மாதையன் கயிற்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கிணற்றைக் குனிந்து பார்த்துவிட்டு ஏசுராஜ் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி வந்துச்சு, இட்டாந்தீங்க. கீழ ஒண்ணுமே இல்லாம போயிருந்தா நான் இன்னா ஆயிருப்பேங்க?"

அவள் புதூர்நாட்டுப் பாதையில் நடந்தாள். அவள் புருஷன் குடத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் என் மாமனார் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.